மாயப்பொருள் அட்டை மேசையில் தடுமாறினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திருகோணமலையில் எங்கள் மேசை சனிக்கிழமை மாலைகளில் கூடுகிறது. ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு: ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. விதிநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. கதையும் பேச்சும், நாங்களே உருவாக்கும் மாயப்பொருள்களும் தமிழில். உவர்மலை, உப்புவெளி, கிண்ணியா என்று பல இடங்களிலிருந்து வருகிறவர்கள், பொருளுக்கு ஒன்றாகத் தாங்கள் விதி எழுதிய அட்டைகளைக் கையோடு கொண்டுவருவார்கள். கற்பனைக்கு ஒருபோதும் குறை இருந்ததில்லை. ஆனால் அட்டை மேசைக்கு வந்ததும் ஏதாவது ஒன்று கோளாறாகும். அதே கோளாறுகள் திரும்பத் திரும்ப வந்ததால் அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் அட்டையில் தெரியும் அறிகுறியைத் தேடி நேராக அங்கே போங்கள்.

சொற்கள் பற்றி ஒரு விளக்கம். பொருளில் ஏற்றியிருக்கும் சக்தி அளவை நாங்கள் 'உரு' என்கிறோம். தாயத்துக்கு உருவேற்றுவது என்று வீடுகளில் சொல்வதிலிருந்து எடுத்தது. பொருளைத் தன்னோடு பிணைத்துக்கொள்வது 'வசம்'. ஒரு முறையில் செய்யக்கூடிய முதன்மைக் காரியம் 'செயல்', அதோடு சேர்த்துச் செய்யும் சிறு காரியம் 'துணைச்செயல்', ஏதாவது நடந்தவுடன் அதற்கு எதிர்வினையாகச் செய்வது 'எதிர்ச்செயல்'. உங்கள் மேசையில் வேறு சொற்கள் இருந்தால் அவற்றையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளுக்கு ஒரே சொல் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

அறிகுறி 1: அட்டையை வாசித்த பிறகும் ஆட்டம் நின்றுபோகிறது

இதுதான் அதிகம் வருவது. ஒருவர் அட்டையைச் சத்தமாக வாசிக்கிறார், உடனே எல்லோரும் எழுதியவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். எழுதியவர் பக்கத்தில் இருந்து விளக்கினால்தான் ஓடும் அட்டை இன்னும் எழுதி முடிக்கப்படாத அட்டை.

எங்களிடம் வந்த ஒன்றை அப்படியே தருகிறேன்:

"இந்தச் செம்பில் உள்ள நீரைத் தெளித்தால் காயம் ஆறும். ஏழு முறை பயன்படும்."

அழகான எண்ணம். ஆனால் சண்டை நடுவில் இதை வாசித்த ஆட்டக்காரர் கேட்டது: "அண்ணா, ஏழு முறை என்றால் ஒரு நாளைக்கா, ஒரேயடியாகவா?" அடுத்தவர் எவ்வளவு தூரத்திலிருந்து தெளிக்கலாம் என்று கேட்டார். மூன்றாமவர், மயங்கிக் கிடப்பவருக்கும் பலிக்குமா என்றார். பத்து நிமிடம் போனது.

இரண்டாம் வரி இருக்கிறதா?

முதலில் பார்க்க வேண்டியதும் மிக எளிதாகச் சரிசெய்யக்கூடியதும் இதுதான். பெயருக்குக் கீழே ஒரே வரியில் மூன்று செய்திகள், இந்த ஒழுங்கில்: என்ன வகை, எவ்வளவு அரிது, வசம் வேண்டுமா. விதிநூலில் எல்லாப் பொருள்களும் இப்படித்தான் இருக்கின்றன. வகை என்பது ஆயுதம், கவசம், மோதிரம், கோல், தண்டம், மருந்து, சுருள், அதிசயப் பொருள் போன்றவற்றுள் ஒன்று. இந்த வரி இல்லாத அட்டையில் பாதிக் கேள்விகள் இங்கிருந்தே கிளம்பும்.

கையிலா, உடம்பிலா, பையிலா?

"வைத்திருப்பவர்" என்று எழுதாதீர்கள். கையில் பிடித்திருக்கும்போது, அணிந்திருக்கும்போது, தன்னிடம் எங்காவது கொண்டுதிரியும்போது என மூன்றும் வேறு வேறு. பையின் அடியில் கிடக்கும் வாள் பாதுகாப்புத் தருமா என்ற விவாதம் இந்த ஒரு சொல்லால் முடிந்துவிடும்.

எந்தச் செயல்?

செயலா, துணைச்செயலா, எதிர்ச்செயலா என்று எழுதாவிட்டால் ஆட்டக்காரர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார். அது அவருடைய குற்றமல்ல. எதிர்ச்செயல் என்றால் எது நடந்தவுடன் அது கிளம்பும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

உரு எப்போது திரும்பும்?

மொத்தம் எத்தனை, எப்போது திரும்பும், எத்தனை திரும்பும், கடைசி உருவும் தீர்ந்தால் என்ன ஆகும். இந்த நான்கையும் எழுதுங்கள். விதிநூலில் உள்ள மாய அம்புக்கோலை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்: 7 உரு, நாள்தோறும் விடியலில் ஓர் ஆறுமுகப் பகடையோடு 1 கூட்டிய அளவு திரும்பும், கடைசி உருவைச் செலவிட்டால் இருபதுமுகப் பகடை உருட்ட வேண்டும், 1 விழுந்தால் கோல் சாம்பலாகும்.

இவற்றையெல்லாம் பார்த்துத் திருத்திய பிறகு அந்தச் செம்பின் அட்டை இப்படி ஆனது:

ஏழூற்றுச் செம்பு
அதிசயப் பொருள், அரிது (வசம் வேண்டும்)
இந்தச் செம்பில் 7 உரு உண்டு. இதைக் கையில் பிடித்திருக்கும்போது, ஒரு செயலைச் செலவிட்டு 1 முதல் 3 உரு வரை பயன்படுத்தி, உங்களிடமிருந்து 5 அடிக்குள் இருக்கும் ஓர் உயிரின்மீது நீர் தெளிக்கலாம். செலவிட்ட ஒவ்வோர் உருவுக்கும் ஓர் எட்டுமுகப் பகடையை உருட்டுங்கள். வரும் கூட்டுத்தொகை அளவுக்கு அந்த உயிர் உயிர்ப்புள்ளிகளைத் திரும்பப் பெறும். மயங்கிக் கிடப்பவருக்கும் பலிக்கும், நடைப்பிணங்களுக்குப் பலிக்காது. நாள்தோறும் விடியலில் ஓர் ஆறுமுகப் பகடை + 1 உரு திரும்பும். கடைசி உருவைச் செலவிட்டால் இருபதுமுகப் பகடையை உருட்டுங்கள். 1 விழுந்தால் ஊற்று வற்றி, இது சாதாரணப் பித்தளைச் செம்பாகிவிடும்.

வரலாறும் வர்ணனையும் எங்கே என்று கேட்பீர்கள். அட்டையின் பின்புறத்தில். முன்புறம் விதிக்கு மட்டும். வர்ணனைக்குள் விதியை ஒளித்துவைத்தால் அவசரத்தில் யாரும் கண்டெடுக்கமாட்டார்கள்.

எல்லாம் சரி, இன்னும் விவாதம் தீரவில்லை என்றால்

இரண்டு பேர் இரண்டு விதிநூல்களை வைத்துக்கொண்டு பேசுகிறார்களா என்று பாருங்கள். ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது, 2024இல் திருத்தி வெளியானது. 2014 நூலில் மருந்து குடிப்பது ஒரு செயல். 2024 நூலில் அது துணைச்செயல். அட்டையின் அடியில் "2014" அல்லது "2024" என்று சிறிதாக அச்சிட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகும் குழப்பம் இருந்தால் நீங்களே திருத்திக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் மேசையில் இல்லாத, வேறு குழுவை நடத்தும் அனுபவசாலி ஒருவரிடம் அட்டையைக் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல், அவர் அதை என்னவாகப் புரிந்துகொள்கிறார் என்று கேளுங்கள்.

அறிகுறி 2: பொருள் ஒருவர் கைக்குப் போனதும் மற்றவர்களுக்கு வேலை இல்லை

இது எழுத்துக் கோளாறு போலத் தெரியாது. ஆனால் பெரும்பாலும் இரண்டாம் வரியில் 'அரிது' என்ற இடத்தில் தவறான சொல் விழுந்திருக்கும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். விதிநூலில் இருக்கும் மிக நெருங்கிய பொருளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். +1 ஆயுதம் (உருட்டும் எண்ணோடு 1 கூட்டித் தருவது) அசாதாரணம், +2 அரிது, +3 மிக அரிது. கவசத்துக்கு ஒரு படி மேலே: +1 அரிது, +2 மிக அரிது, +3 புராணப் பெருமை. கவசத்தில் ஓர் எண் கூடுவது ஒவ்வோர் அடிக்கும் எதிராக வேலை செய்கிறது. அதனால்தான் அந்த வேறுபாடு. செம்பை முதலில் நாங்கள் அசாதாரணம் என்று குறித்திருந்தோம். ஏழு எட்டுமுகப் பகடைகளின் சராசரி 31.5. ஒரு நாளுக்கு அவ்வளவு குணமாக்கும் பொருளை விதிநூலின் குணமாக்கும் தண்டத்தோடு வைத்துப் பார்த்தோம். அது 10 உருவுள்ளது, அரிது, வசம் வேண்டும், அதுவும் பாணர், பூசாரி, வனஞானி ஆகிய பாத்திர வகைகளுக்கு மட்டும். எங்கள் செம்போ எல்லோருக்கும். ஆகவே அரிது என்று மாற்றினோம்.

வசம் கேளுங்கள். ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று பொருள்களைத்தான் வசமாக வைத்திருக்க முடியும். அட்டையில் அந்த இரண்டு சொற்களைச் சேர்ப்பது எண்களைக் குறைப்பதைவிடச் சுலபம். ஆட்டக்காரரின் மனமும் நோகாது. நாள் முழுவதும் தொடர்ந்து பலன் தரும் எந்தப் பொருளுக்கும் நான் வசம் கேட்பேன்.

இரண்டு பலன்களை ஒரே பொருளில் ஏற்றியிருக்கிறீர்களா? 'பாறைபிளந்தான்' என்றொரு வாள் வந்தது. +2, அதோடு ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு ஆறுமுகப் பகடை நெருப்பு. விதிநூலின் தீநாக்கு வாள் அந்த நெருப்பை மட்டும் தருகிறது, எந்த + எண்ணும் இல்லை, அதுவே அரிது. எனவே பாறைபிளந்தானில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். +2ஐ எடுத்துவிட்டோம்.

பொருள் ஏற்கெனவே ஒருவர் கையில் இருந்தால் இதுதான் செலவு கூடிய திருத்தம். அட்டையை மௌனமாக மாற்றிவைக்காதீர்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன் அவரிடம் நேரில் பேசுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அறிகுறி 3: தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் தெரிகின்றன

'அம்மா' என்று தட்டச்சிட்ட இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரிந்தால் அது பாமினி எழுத்துருவில் அடித்தது. நம் ஊரில் கணினி வகுப்பில் தட்டச்சுப் பழகிய பலர் இன்னும் அதில்தான் அடிக்கிறார்கள்; விரல் வேகமும் அதில்தான் இருக்கும். ஹோம்புரூவரி போன்ற இணைய வடிவமைப்புக் கருவிகளில் ஒட்டியதும் எல்லாம் குலைந்துவிடும்.

யூனிகோட் மாற்றி ஒன்றில் இட்டு எடுப்பது எளிய வழி. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பகடைக் குறியீட்டில் வரும் ஆங்கில 'டி' எழுத்து, பாமினி விசையில் 'ன'. மாற்றி அதையும் தமிழாக்கிவிடும். ஆறுமுகப் பகடை ஒன்று என்று குறித்திருந்த இடத்தில் '1ன6' என்று வந்து நிற்கும். எங்கள் அட்டைகளில் ஒன்று இப்படி அச்சாகிப் போன பிறகுதான் கண்டுபிடித்தோம். மாற்றிய பிறகு இரண்டு எண்களுக்கு நடுவில் 'ன' இருக்கிறதா என்று தேடுங்கள். இன்னும் நல்லது, பகடையைத் தமிழில் 'ஆறுமுகப் பகடை' என்றே எழுதிவிடுவது.

நிலையான தீர்வு வேண்டுமானால் விசைப்பலகையை யூனிகோட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாமினியின் அதே விசை ஒழுங்கிலேயே யூனிகோட் அடிக்க உதவும் மென்பொருள்கள் உண்டு. விரல்களுக்குப் புதிதாக எதுவும் பழக்க வேண்டியதில்லை.

அறிகுறி 4: கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன

'கொடி' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்விட்டதா, அல்லது எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டம் தெரிகிறதா?

அடித்த எழுத்தையே முதலில் சோதியுங்கள். அந்தச் சொல்லை அழித்து மீண்டும் அடியுங்கள். வட்டம் மறைந்தால், முன்பு உயிர்க்குறி தனியாக விழுந்திருக்கிறது என்று பொருள்.

மறையவில்லை என்றால் மென்பொருளைப் பாருங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில், எழுத்து அமைப்புகளுக்குள் உலக மொழிகளுக்கான உரை இயந்திரத்தைத் தெரிவு செய்ய வேண்டும். இன்டிசைனில் பத்தி அமைப்பாளரை 'வேர்ல்ட் ரெடி' வகைக்கு மாற்ற வேண்டும். இந்த ஒரு தெரிவு விடுபட்டதால் முழுத் தொகுப்பையும் மறுபடி தட்டச்சு செய்தவர்களைக் கண்டிருக்கிறேன், மனம் வருந்தியது.

அதுவும் பலிக்காவிட்டால் எழுத்துருவை மாற்றுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், நம்பகமானது.

இதோடு சேர்ந்த இன்னொன்று. ஆங்கில அட்டைகளில் இரண்டாம் வரியும் மந்திரப் பெயர்களும் சாய்வெழுத்தில் இருக்கும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குச் சாய்வு வடிவம் கிடையாது. கணினி நேர் எழுத்தையே இழுத்துச் சாய்க்கும், சுழிகள் கோணலாகும். மந்திரப் பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறி, இரண்டாம் வரிக்கு வேறு நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு இதம்.

அறிகுறி 5: எழுத்து அட்டைக்கு வெளியே வழிகிறது

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'பயன்படுத்திக்கொள்ளலாம்' என்ற ஒரு சொல்லே குறுகிய அட்டையின் ஒரு வரியைத் தின்றுவிடும்.

வரிகளை இரு பக்கமும் சமப்படுத்தியிருக்கிறீர்களா? இடப்பக்கம் மட்டும் ஒட்டவிடுங்கள். சொற்களுக்கு நடுவே விழும் வெள்ளைப் பள்ளங்கள் மறையும்.

சொற்களைக் குறையுங்கள். "பயன்படுத்திக்கொள்ள முடியும்" என்பதை "பயன்படுத்தலாம்" ஆக்குங்கள். "இந்தப் பொருளானது" என்று தொடங்கும் வாக்கியம் எதுவும் தேவையில்லை. ஒரு நல்ல திருத்தத்தில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். பொருள் எதுவும் போகாது.

எழுத்தைச் சிறிதாக்குவது கடைசி வழி. வரி இடைவெளியை நெருக்கினால் மேல்வரியின் 'கு', 'மூ' போன்றவற்றின் கீழ்ச் சுழிகளும் அடுத்த வரியின் மேற்சுழிகளும் முட்டிக்கொள்ளும். அந்த நிலை வந்தால் அட்டையை இரண்டாக்குங்கள்.

வீட்டில் பொருந்திய அட்டை நண்பரின் கணினியில் வழிகிறது என்றால் காரணம் வேறு. கருவி தமிழுக்கென்று ஓர் எழுத்துருவைக் குறிக்காதபோது, அந்தந்தக் கணினியில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். அகலம் மாறும், வரி உடையும் இடம் மாறும். இணைப்பை அனுப்பாமல், உங்கள் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி, எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று கோப்பின் விவரத்தில் பார்த்து அனுப்புங்கள். அச்சுக் கடைக்கும் அப்படியே. வேர்ட் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய் அங்கே திறந்தால், அங்கே அந்த எழுத்துரு இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அறிகுறி 6: திரையில் சரி, அச்சில் பிழை

பின்னணி நிறம் வரவில்லை: பிரௌசரின் அச்சுப் பெட்டியில் பின்னணி ஓவியங்கள் என்ற தெரிவில் சரி அடையாளம் இடுங்கள். பத்தில் ஒன்பது முறை இவ்வளவுதான்.

ஓரம் வெட்டுப்படுகிறது: பக்க அளவு அமெரிக்க லெட்டராக இருக்கும். அது 216 க்கு 279 மில்லிமீற்றர். நம் கடைகளில் இருக்கும் ஏ4 தாள் 210 க்கு 297. வடிவமைக்கத் தொடங்கும்போதே ஏ4 ஆக்கிவிடுங்கள், பிறகு மாற்றினால் எல்லாம் நகரும்.

அட்டை சிறிதாக வருகிறது: 'தாளுக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிட்டு 100 வீதம் என்று வையுங்கள். சீட்டு அளவு 63 க்கு 88 மில்லிமீற்றர். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது அட்டைகள் ஓர் ஏ4 தாளில் அடங்கும். 189 க்கு 264 போக ஓரங்களுக்கும் இடம் இருக்கும். முதல் தாளை எடுத்தவுடன் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 63 வரவில்லை என்றால் மற்றத் தாள்களை அச்சிட வேண்டாம்.

அட்டை வளைகிறது: துறைமுக நகரத்தின் ஈரக்காற்று, அதிலும் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில். தடித்த மட்டையில் அச்சிட்டு லமினேட் செய்யுங்கள். வெட்டிய பிறகு லமினேட் செய்வதே சரி. முன்பே செய்து பிறகு வெட்டினால் ஓரத்தின் வழியாக ஈரம் ஏறும்.

இருபது முப்பது அட்டைகள் வரை நீங்களே செய்துகொள்ளலாம். அதற்கு மேல், இரு பக்க அச்சு, வட்ட மூலை, ஒரே நிறத்தில் பல பிரதிகள் என்று போனால் அச்சகத்தின் வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது சுற்றிலும் 3 மில்லிமீற்றர் கூடுதலாகப் பின்னணியை நீட்டிக் கொடுத்தால் வெட்டும்போது வெள்ளைக் கோடு விழாது. தமிழ் தெரிந்த ஒருவர் இறுதிப் பிரதியைப் பார்க்கும் வரை அச்சேற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அறிகுறி 7: பட்டியலில் இருக்கும் பொருள் தேடலில் கிடைக்கவில்லை

'மௌனச் சங்கு' பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் இல்லை. யாரோ அதை 'மெளனச் சங்கு' என்று கொம்பும் ளகரமுமாக அடித்திருக்கிறார்கள். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஔகாரம் வரும் இடங்களையும், காலுக்குப் பதிலாக ரகரம் விழுந்த இடங்களையும் தேடித் திருத்துங்கள்.

அறிகுறி 8: அட்டையை வாசித்த ஒருவரின் முகம் வாடுகிறது

இந்த அறிகுறியைப் பலர் கவனிப்பதில்லை. நான் மற்ற எல்லாவற்றையும்விட இதைப் பெரிதாக நினைக்கிறேன்.

அந்தச் செம்புக்கு முதலில் வைத்த பெயரில் கன்னியா என்ற ஊர்ப்பெயர் இருந்தது. ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஏழு உரு. பொருத்தமாக இருந்தது. பின்புறத்தில் இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக ஊற்றுகளை உண்டாக்கிய கதையையும் எழுதியிருந்தோம். வாசித்துக்கொண்டிருந்த நண்பர் பாதியில் அட்டையைக் கீழே வைத்துவிட்டார். தன் அம்மாவின் அந்தியேட்டிக் கிரியையை அவர் அங்கேதான் செய்திருந்தார்.

பெயரை மாற்றுவது எளிய திருத்தம்; ஏழூற்றுச் செம்பு என்று ஆக்கி, பின்புறக் கதையைக் கற்பனை நாட்டு மலையடிவாரத்துக்குக் கொண்டுபோனோம். விதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அடுத்து, பொருளின் மூலத்தையே பாருங்கள். கோயிலிலும் பள்ளிவாசலிலும் விகாரையிலும் தேவாலயத்திலும் இன்று மக்கள் தொழும் எதையும் உருவும் விலையும் உள்ள பொருளாக்க வேண்டாம். கடல், பாறை, மான், புறா, பழைய கோட்டைச் சுவர் என்று நம் ஊரில் எடுக்க எவ்வளவோ இருக்கிறது. ஐயம் இருந்தால் அந்த நம்பிக்கையைச் சேர்ந்த ஒருவரிடம் அச்சிடுவதற்கு முன் காட்டுங்கள்.

அறிகுறி 9: வெளியில் பகிரலாமா என்று கை தயங்குகிறது

மேசைக்குள் மட்டும் ஆடினால் தயங்க வேண்டியதில்லை. தொகுப்பாக வெளியிடுவதானால் முதலில், விதிநூலின் வாக்கியங்களை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1 ஐ வெளியீட்டாளர் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில், மூலத்தைக் குறிப்பிடும் நிபந்தனையோடு விடுவித்தார். அதிலிருந்து எடுத்தால், அவர்கள் கேட்டிருக்கும் மூலக்குறிப்பை உங்கள் தொகுப்பில் அச்சிட வேண்டும். முழு விதிநூல்களில் மட்டும் இருக்கும் பகுதிகளுக்கு அந்த அனுமதி இல்லை. அட்டையில் ஒட்டிய படங்களையும் பாருங்கள். இணையத்தில் கிடைத்தது என்பதால் அது உங்களுடையதாகிவிடாது. வரையத் தெரிந்த ஒருவர் உங்கள் மேசையிலேயே இருக்கக்கூடும்.

காசு வாங்கி விற்கப் போகிறீர்கள் என்றால், அச்சகத்துக்குப் போகும் முன் பதிப்புரிமை தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் முழுக் கோப்பையும் காட்டுங்கள்.